முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் மகள்

வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். “நான் யாருக்கும் தீங்கு நினைத்தவன் இல்லை. ஆனால் வாயைத் திறந்தாலே சுள்ளென்று வருகிறது. மனைவி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எட்டு வயது மகள் ஏதாவது கேட்க வந்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போகிறாள். பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா? அப்படியே மாறினாலும் எல்லோரும் தலையில் ஏறி உட்கார்ந்துவிட மாட்டார்களா?”

மகளிடமிருந்தே தொடங்குகிறேன். 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணாடி பதித்த ஒரு மேடை. பாதி தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை விளிம்பு வரை தவழ்ந்து வந்து, போகலாமா வேண்டாமா என்று தெரியாமல், எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அம்மா மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். கோப முகம் காட்டியபோது 18 பேரில் 2 பேர்தான் வந்தார்கள். இரண்டு முறையும் பள்ளம் ஒன்றுதான்.

உங்கள் மகள் செய்வதும் இதுவே. அவளுக்கு உங்கள்மேல் வெறுப்பு இல்லை. இந்தப் பக்கம் வரலாமா என்று ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்திடம் கேட்கிறாள். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதையே விட்டுவிட்ட பிள்ளைகளையும் இருபது ஆண்டுகளாகக் குடும்ப ஆலோசனை வேலையில் பார்த்துவருகிறேன்.

அடுத்தது பிறவிக் குணம். சிலருக்குச் சட்டென்று சூடு ஏறும், சிலருக்கு மெதுவாக ஏறும். இதில் பிறப்பின் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சூட்டை யார்மேல் கொட்டுகிறோம் என்பது பிறப்போடு வந்ததல்ல. மேலதிகாரி ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால் அவர்மேல் எரிந்து விழுவீர்களா? வீட்டில் உச்சக் குரலில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடிக்கிறது. எடுத்ததும் “சொல்லுங்க சார்” என்று ஒரு குரல் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? அரை நொடியில் குரலை இறக்கத் தெரிந்தவர் நீங்கள். அந்தத் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டு ஆட்களுக்கு அதைச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். சினத்துக்குச் ‘சேர்ந்தாரைக்கொல்லி’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. நெருப்பைப் போலவே அதுவும் பக்கத்தில் இருப்பவரைத்தான் முதலில் சுடும்.

இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவள்தான். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த நாட்களில், மற்ற குடும்பங்களின் சண்டைகளை நாள் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்ததும் கீழே கிடந்த செருப்புக்காகக் கத்துவேன். ஒருநாள் என் மகன், “உங்ககிட்ட பேசணும்னா நானும் அங்க வந்து உக்காரணுமாம்மா?” என்று கேட்டான். அவன் கேலிக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை சிறியது. ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எழுதினேன்: எப்போது கடுமையாகப் பேசினேன். யாரிடம், எதற்காக என்பதெல்லாம் இல்லை, மணி மட்டும். முடிவில் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டே இடங்களில் குவிந்திருந்தன. காலையில் கிளம்புவதற்கு முந்தைய இருபது நிமிடம், மாலையில் உள்ளே நுழைந்த பிறகு அரை மணி நேரம். நாள் முழுவதும் நான் கடுமையான ஆளாக இருக்கவில்லை. இரண்டு இடுக்குகளில் மாட்டிக்கொள்ளும் ஆளாக இருந்தேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். ‘நான் இப்படிப்பட்டவன்’ என்ற பாரம் ‘எனக்கு இந்த நேரம் ஆவதில்லை’ என்று சுருங்கும்போதே பாதி வேலை கைக்கு அடக்கமாகிவிடும்.

அவசரம் நல்ல மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு இருமிக்கொண்டு கிடந்தார். அவரும் சோதனைக்காக உட்கார வைக்கப்பட்டவர்தான். அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். உதவுவதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது கணக்கில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. கையில் இருந்த நேரம்தான் மாற்றியது.

எனவே கனிவாகப் பேச வேண்டும் என்று உறுதி எடுப்பதற்கு முன்னால், அந்த இடுக்கை அகலப்படுத்துங்கள். என் காலை நேரத்துக்கு மருந்தாக அமைந்தது ஒரு கால் மணி நேரம். அனைவருக்கும் முன்னால் எழுந்து, எனக்கு வேண்டியதை முடித்துவிட்டுத்தான் அவர்களை எழுப்பினேன். மாலைக்கு, கதவைத் திறப்பதற்கு முன் வெளியிலேயே ஐந்து நிமிடம் நிற்பேன். கைப்பேசியைப் பார்க்க மாட்டேன், சும்மா நிற்பேன். உள்ளே போனதும், “இப்ப எனக்கு முடியல, பத்து நிமிஷம் குடு, நானே வந்து கேக்கறேன்” என்று சொல்லிவிடுவேன். இதில் ‘நானே வந்து’ என்பதுதான் உயிர். சொன்னபடி பத்தாவது நிமிடம் நீங்கள் எழுந்து போகவில்லையென்றால், பிள்ளையைத் துரத்திவிடும் இன்னொரு வழியாக அது மாறிவிடும்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேத்யூ வாக்கர் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்தவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். மூளையில் அச்சத்தையும் ஆத்திரத்தையும் எழுப்பும் அமிக்டலா பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. இரவு ஒரு மணி வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் சாந்தமாக இருக்கப் போராடுவது நமக்கு நாமே செய்யும் அநியாயம்.

இனிமேல்தான் கடினமான பகுதி. கடுமையான சொல் வாயில் வருவதற்கு ஒரு கணம் முன்னால், மனது ஒரு தீர்ப்பை எழுதி முடித்திருக்கும். ‘வேண்டுமென்றே செய்கிறாள்.’ ‘என்னை மதிக்கவில்லை.’ ‘எத்தனை சொன்னாலும் உறைக்காது.’ நாம் தாமதமாக வந்தால் போக்குவரத்து நெரிசல். அடுத்தவர் தாமதமாக வந்தால் அக்கறையின்மை. இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என்ற பொருளில் பெயர் வைத்தார். மற்றவரின் செயலுக்கு அவரது சூழலை விட்டுவிட்டு அவரது குணத்தையே காரணமாக்குவது. எனக்குத் தெரிந்தவரை மென்மையானவர்களிடம் இருக்கும் ஒரே ரகசியம், இந்தத் தீர்ப்பை அவர்கள் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள் என்பதுதான். அவர்களுக்குக் கோபம் வராமல் இல்லை. ‘என்ன ஆச்சுன்னு தெரியல’ என்ற ஒரு வரியை மனதில் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இடம் இருக்கிறது. அந்த வரி பொய்யில்லை. உண்மையிலேயே நமக்குத் தெரியாது.

கோபம் ஏறிவிட்ட அந்தக் கணத்துக்கு என்னிடம் அதிகம் இல்லை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும், நான்கைந்து மூச்சில் வித்தியாசம் தெரியும். வந்திருக்கும் உணர்வுக்கு மனதுக்குள் பெயர் வையுங்கள்: ‘எரிச்சல்’, ‘அவமானம்’, ‘பயம்’. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், உணர்ச்சி ததும்பும் முகப் படங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அமிக்டலாவின் துடிப்பு குறைவதை மூளைப் படத்தில் கண்டார்கள். பெயர் வைக்கும்போது பல சமயம் இன்னொன்றும் புலப்படும். கோபம் என்று நினைத்தது பயமாக இருக்கும். பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தபோது நான் கத்தியதெல்லாம் பயத்தில்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘கோபத்தை அடக்கக் கூடாது, கொட்டித் தீர்த்துவிட வேண்டும்’ என்று சொல்வார்கள். பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். அவர்களை முதலில் கோபப்படுத்தினார். பிறகு சிலரைத் தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார். அவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். கொட்டுவது தீர்ப்பதில்லை, பழக்கப்படுத்துகிறது.

இப்போது நம் பேச்சுக்கு வருகிறேன். இதில் நான் நீண்ட நேரம் நிற்பேன், ஏனென்றால் வீட்டில் கடுமை என்பது பெரும்பாலும் வாக்கியங்களாகத்தான் இருக்கிறது.

மகள் “அப்பா” என்று கூப்பிடுகிறாள். உங்கள் முதல் சொல் என்ன? பலருக்கும் அது “என்ன?”. அதே சொல்லைக் கதவை மூடுவதுபோலவும் சொல்லலாம், திறப்பதுபோலவும் சொல்லலாம். வெட்டிய “என்ன?”வைக் கேட்ட குழந்தைக்கு, தான் கேட்க வந்ததைக் கேட்கத் தகுதி இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். “சொல்லும்மா” என்பதற்கு அதே அரை நொடிதான் ஆகிறது. ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுவதென்றால் இதை மாற்றுங்கள். அவள் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பி, ‘சொல்லும்மா’. பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கியது இந்த முறையைத்தான். ‘நல்லவனாக இருப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, ‘இது நடந்தால் நான் இதைச் செய்வேன்’ என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைக்கும் உறுதிதான் நடைமுறையில் நிற்கிறது.

அடுத்தது விடை வேண்டாத கேள்விகள். “எத்தனை தடவை சொல்றது?” “அறிவு இருக்கா?” “கண்ணு எங்க இருக்கு?” இவை கேள்வியின் உடையில் வரும் அடி. இவற்றுக்கு எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகத்தான் முடியும். “மூணுதான்பா சொன்னீங்க” என்று கணக்கு சொன்ன பிள்ளை இரட்டிப்பாக வாங்கும். அந்த இடத்தில் வேண்டியதை நேராகச் சொல்லிவிடுங்கள்: “பையை மேல எடுத்து வை.” இது கட்டளைதான். ஆனால் இதில் யாரையும் குத்தும் முள் இல்லை. மென்மை என்றால் எப்போதும் கெஞ்சுவது என்று நினைக்காதீர்கள். நேரடியான சொல் பல நேரம் குத்தலான கேள்வியைவிட மென்மையானது.

‘எப்பவும்’, ‘ஒருநாளாவது’, ‘உங்க வீட்டு ஆளுங்களே’. இந்த மூன்றும் ஒரு சிறு தவறைப் பிடித்து முழு மனிதர்மேலும், அவர் பிறந்த வீட்டின்மேலும் போட்டுவிடும். விளக்கை அணைக்க மறந்தது விளக்கைப் பற்றிய பேச்சாகவே இருக்கட்டும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வினையின் கடைசியில் ஓர் அசையைச் சேர்த்தாலே கூர்மை மழுங்கிவிடும். ‘வா’ என்பது ஒன்று, ‘வாயேன்’ என்பது வேறு. ‘கொடு’வுக்கும் ‘கொடேன்’க்கும் நடுவில் ஒரு முழு உறவு இருக்கிறது. ‘போகலாமா’, ‘பார்ப்போமா’ என்று நம்மையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளும் வடிவமும் உண்டு. ‘கொஞ்சம்’ என்ற சொல் அளவைக் குறிக்காமலே நாள் முழுவதும் எத்தனை வேலை செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். வெளியாட்களிடம் இவை தானாக வருகின்றன. மனைவியிடம் கடைசியாக எப்போது ‘எடுத்துத் தாயேன்’ என்று சொன்னீர்கள்?

தொடக்கம் முக்கியம். ஜான் காட்மனும் சிபில் கரேரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 124 புதுமணத் தம்பதிகளை அவர்களுக்குள் இருக்கும் ஒரு பிணக்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவைத்தார்கள். அந்தப் பேச்சின் முதல் 3 நிமிடத்தை வைத்தே, அடுத்த ஆறு ஆண்டுகளில் பிரியப் போகிறவர்களைப் பெரிய அளவில் பிரித்தறிய முடிந்தது. எடுத்த எடுப்பிலேயே குறை சொல்லித் தொடங்கிய பேச்சு, நடுவில் இனிப்பாகத் திரும்புவது அரிது. அதனால் மனைவியிடம் சொல்ல வேண்டியது இருந்தால் முதல் வரியை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மற்றவை தாமாக வரும்.

எழுத்துச் செய்தியைப் பற்றி ஒரே வார்த்தை. கோபமாக இருக்கும்போது தட்டச்சு செய்யாதீர்கள். ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் காட்டியபடி, தாம் எழுதிய மின்னஞ்சலின் தொனி படிப்பவருக்குப் புரியும் என்று எழுதுபவர்கள் நம்பும் அளவுக்கு அது புரிவதில்லை. ‘சரி’ என்று நீங்கள் சாதாரணமாகப் போட்டது, அந்தப் பக்கம் கதவை அறைந்ததுபோல விழும்.

இனி உங்கள் பயம்: தலையில் ஏறி உட்கார்ந்துவிட மாட்டார்களா? இது நியாயமான பயம். குட்டக் குட்டக் குனிபவனும் மூடன் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் இரண்டு வெவ்வேறு சங்கதிகளை நாம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம். என்ன சொல்கிறோம் என்பது ஒன்று, எப்படிச் சொல்கிறோம் என்பது மற்றொன்று. ‘முடியாது’ என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லலாம். ஒருமுறை சொல்லிவிட்டு, விளக்கம் மேல் விளக்கம் அடுக்காமல் அங்கேயே நிற்கலாம். “இல்ல, இந்த வாரம் என்னால முடியாது.” அவ்வளவுதான்.

நான் பார்த்தவரை, வீட்டில் எரிந்து விழுபவர்களில் பாதிப் பேர் வெளியில் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார்கள். சுமந்து வந்த கனத்தை, எதிர்த்துப் பேசாத ஆள்மேல் இறக்கிவைப்பார்கள். உங்களுக்கும் அப்படியா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் மகளிடம் மென்மையாக இருப்பதற்கான பயிற்சி அலுவலகத்தில் தொடங்க வேண்டும். ஒத்துக்கொள்ளக் கூடாத ஒரு வேலையை ஒத்துக்கொள்ளாமல் விடுவதில்.

நம்மை ஒருவர் தொடர்ந்து அவமானப்படுத்தினால், கை நீட்டினால், அங்கே பொறுமை காட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கிருந்து விலகுவதுதான் சரி. அதேபோல உங்கள் கோபம் கை நீட்டும் அளவுக்குப் போயிருந்தால் இந்தப் பதில் போதாது, நேரில் உதவி தேடுங்கள். எரிச்சல் திடீரென்று கூடியிருந்தாலும், வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு எல்லோருக்கும் அழுகையாக வருவதில்லை, பலருக்குச் சிடுசிடுப்பாகத்தான் வருகிறது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், தீராத உடல்வலி இருந்தாலும் அப்படி ஆகும்.

இவ்வளவும் செய்தாலும் தவறுவீர்கள். நானும் தவறுகிறேன். அதன்பின் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வீட்டின் சூழல் மாறும். கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் பல ஆண்டுகள் கவனித்த எட்வர்ட் ட்ரானிக் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல். நல்ல உறவில் இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்திசைந்து இருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும் மறுபடி வந்து சேர்வதுமே. அந்த வந்து சேர்தலைப் பார்த்துத்தான் குழந்தை உறவை நம்பக் கற்றுக்கொள்கிறது.

நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது அபூர்வம். கத்திய குற்ற உணர்வில் எதையாவது வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வோம், அல்லது ஒன்றும் நடக்காததுபோலப் பேசத் தொடங்குவோம். பிள்ளைக்கு அப்போது என்ன புரியும்? தன் தவறால்தான் அப்பா கத்தினார் என்று. அதனால் வாயால் சொல்லிவிடுங்கள். “காலைல உன்கிட்ட கத்திட்டேன். நீ கேட்டதுல தப்பு இல்ல. எனக்கு வேற டென்ஷன். உன்மேல காட்டினது தப்பு.” இத்தோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்’ என்று தொடர்ந்தால் முன்னால் சொன்னது முழுவதும் அழிந்துபோகும். ‘இனிமே கத்தவே மாட்டேன்’ என்ற சத்தியமும் வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாது. அவள் உடனே சிரிக்க வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் காத்திருக்காதீர்கள்.

அதே நேர்மையை உங்களிடமும் காட்டுங்கள். தவறிய இரவில் ‘நான் திருந்தாத ஜென்மம்’ என்று உங்களையே ஏசுவதால் மறுநாள் காலை இன்னும் களைத்துப்போய் எழுவீர்கள், அவ்வளவுதான் நடக்கும். 2010-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் புதுப் பழக்கம் ஒன்று எத்தனை நாளில் படிகிறது என்று பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு போனது, நடுவில் 66. நடுவில் ஒருநாள் தவறியது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அவர்கள் பார்த்தது சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களை. பேச்சும் முகமும் அதைவிடச் சிக்கலானவை, அதனால் மாதங்கள் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கும் அவளுடைய கணக்கு ஒன்று இருக்கும். நீங்கள் மாறத் தொடங்கியதும் அவள் நம்ப மாட்டாள். இன்னும் சில வாரங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். ஒருவேளை வேண்டுமென்றே எதையாவது கீழே போட்டும் பார்ப்பாள். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சோதிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. இன்றைக்கு அவள் கேட்காமல் திரும்பிப் போனால், அவள் பின்னாலேயே எழுந்து போங்கள். அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, “ஏதோ கேக்க வந்தியேம்மா, என்ன?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்ல” என்பாள். வற்புறுத்தாமல், கைப்பேசியை எடுக்காமல், அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.